குகைக்குள் முதலில் யார்

"வீரன் நீதாம்மா," என்று மூன்று பேரும் என்னைக் கை காட்டினார்கள்.

மேசை மேல் ஒரு வரைபடம், பகடைகள், ஆறிப்போன டீ. எதிரே, இங்கே வரும் போன்களை எடுக்கும் அக்கா. கதையைச் சொல்லி விளையாட்டை நடத்துபவர் அவர்தான். மலையில் ஒரு குகை, குகைக்குள் நெருப்பைக் கக்கும் டிராகன். நாங்கள் நான்கு பேர் போய் அதை ஒழிக்க வேண்டும். ஆளுக்கொரு பாத்திரம்.

நான் நாற்காலியை இழுத்துப் போடுவதற்குள் நல்ல பாத்திரங்கள் எல்லாம் போய்விட்டன.

எங்கள் தலைவர் எடுத்துக்கொண்டது பாடகன். கதவில் நுழையவே கொஞ்சம் சாய வேண்டிய உடம்பு அவருக்கு. அவர் பாத்திரத்தின் வேலையோ கடைசியில் நின்று பாட்டுப் பாடி மற்றவர்களுக்குத் தெம்பூட்டுவது.

டிரைவர் மந்திரவாதி. தூரத்தில் இருந்தே மந்திரத்தை வீசுவார். எவ்வளவு தூரம் என்று அக்கா கேட்டதற்கு, மலை தெரிந்தால் போதும் என்றார்.

இன்னொருவர் மீசை. மீசையை எடுத்துப் பல வருஷம் ஆகிறதாம், பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. அவர் திருடன். சண்டை முடியும்வரை புதருக்குள் இருந்துவிட்டு, முடிந்ததும் புதையலை அள்ள வருவார்.

மிச்சம் இருந்தது வீரன். குகைக்குள் முதலில் நுழைகிறவன்.

நான் இங்கே வேலைக்குச் சேர்ந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. பயந்தாங்கொள்ளி என்று பெயர் வாங்கிவிடக் கூடாது, அதுதான் என் ஒரே கவலை. இந்த வேலையில் அப்படி ஒரு பெயர் வாங்கினால் ரிட்டயர் ஆகும்வரை கூடவே வரும்.

அதனால் கௌரவமாகத்தான் மறுத்துப் பார்த்தேன். அனுபவசாலிகள் இருக்கும்போது நான் எப்படி முன்னால் போவது என்றேன். தலைவருக்கு உடனே முதுகு பிடித்துக்கொண்டது. டிரைவர் தனக்கு இரண்டு பெண்கள் இருப்பதை நினைவுபடுத்தினார். மீசைக்கு நெருப்பென்றால் சின்ன வயதிலிருந்தே ஆகாதாம்.

இப்படி வெட்கமே இல்லாத மனிதர்களை நான் பார்த்ததில்லை. நானும் என் கௌரவத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு உட்கார்ந்தேன்.

அக்கா இருபது புள்ளிகள் கொடுத்தார். பலம், வேகம், அறிவு, துணிச்சல் என்று பிரித்துப் போட வேண்டும். வேகத்துக்குப் பதினைந்து போட்டேன்.

"வீரனுக்கு எதுக்கும்மா இவ்வளவு வேகம்?" என்றார் தலைவர்.

"திரும்பி ஓடி வர்றதுக்கு."

மீசை மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். மிச்சத்தைப் பலத்துக்கும் அறிவுக்கும் போட்டேன், துணிச்சலுக்கு ஒன்றும் இல்லை. யாரும் குறை சொல்லவில்லை. பிழைக்கத் தெரிந்த பிள்ளை என்று டிரைவர் பாராட்டினார்.

அடுத்து ஆயுதம். வாள் என்றால் கிட்டே போக வேண்டியிருக்கும், வேண்டாம். இருப்பதிலேயே நீளமான ஈட்டியைக் கேட்டேன். கொடுத்ததும், இதைவிட நீளமாக இல்லையா என்றேன். கேடயம் ஒருத்தர் மறைகிற அளவுக்குத்தான் இருந்தது. தனக்கும் இடம் வேண்டும் என்று மீசை கெஞ்சியதால் அகலமாக்கினோம். குதிரையை வாசலில் வெளிப்பக்கம் பார்த்துத்தான் நிறுத்த வேண்டும் என்று டிரைவர் அடம்பிடித்தார். அவசரத்தில் யார் திருப்பிக்கொண்டிருப்பது என்பது அவர் கட்சி. தலைவர் தன் பங்குக்கு, குகைக்குப் பின்வாசல் உண்டா, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று அக்காவைக் குடைந்து எடுத்தார்.

அக்கா பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார். கடைசியில், உள்ளே ஒரு அரசகுமாரி மாட்டிக்கொண்டிருக்கிறாள் என்று போட்டு உடைத்தார்.



"கூப்பிட்டுப் பார்த்தீங்களா? அவங்களே நடந்து வந்துடுவாங்களா?" என்றார் தலைவர்.

சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சேர்ந்த நாளிலிருந்து நெஞ்சில் உட்கார்ந்திருந்த கனம் இறங்கியது. இந்தக் கூட்டத்தில் என் பயம் ஒன்றும் தனியாகத் தெரியப்போவதில்லை.

வீரனுக்கு ஒரு பெயர் வைக்கச் சொன்னார் அக்கா. நான் யோசிக்கும்போதே அவர் முழங்கைப் பக்கம் இருந்த போன் அடித்தது.

அக்கா கேட்டுக்கொண்டார். ஒரு தெருவின் பெயரையும், மூன்றாவது மாடி என்பதையும் திருப்பிச் சொன்னார். சொல்லிக்கொண்டே இடது கையால் சுவரில் இருந்த பொத்தானை அழுத்தினார்.

மணி கட்டிடம் முழுக்க அலறியது.

ஒரு நாற்காலி கவிழ்ந்தது. யாருடையது என்று பார்க்க அங்கே ஆள் இல்லை. நான் பூட்ஸுக்குள் காலை விடுவதற்குள் டிரைவர் தீயணைப்பு வண்டியைக் கிளப்பியிருந்தார்.

சைரனுக்கு மேலே கத்தித்தான் பேச வேண்டியிருந்தது.

தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டே, உள்ளே முதலில் தான் போவதாகத் தலைவர் சொன்னார். போன தடவையும் நீங்கள்தானே போனீர்கள் என்று மீசை சண்டைக்குப் போனார். தண்ணீர்க் குழாயின் முனை அதற்குள் அவர் மடிக்கு வந்திருந்தது. எல்லாத் தடவையும் தன்னை வண்டியோடு கட்டிப்போடுவது அநியாயம் என்று முன்சீட்டிலிருந்து டிரைவர் கத்தினார்.

பயம்தான், பொய் சொல்வானேன். இதுதான் எனக்கு முதல் தீ. ஆனால் இந்தச் சண்டையில் சேராமல் சும்மா உட்கார்ந்திருப்பது பயத்தைவிடக் கஷ்டமாக இருந்தது.

"வீரன் நான்தானே! நான்தான் முதல்ல போகணும்!" என்று கத்தினேன்.

தலைவரும் மீசையும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். டிரைவர் கண்ணாடியில் பார்த்தார்.

"அதெல்லாம் விளையாட்டும்மா!" என்றார்கள் மூன்று பேரும் ஒரே குரலில்.

மீசை குழாய் முனையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, கதவுப் பக்கமாக இன்னும் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார்.