இரண்டு கிண்ணம் மீன் குழம்பு

"கண்ணைக் கட்டிகினு சாப்ட்டாக்கூட எம் பொண்டாட்டி கொழம்பை நான் கண்டுபுடிச்சிடுவேன்டா! இன்னா பந்தயம்?"

தாவீது கத்திய வேகத்தில் வாயிலிருந்த சோறு ஜோசப்பின் சட்டையில் தெறித்தது. கும்மிடிப்பூண்டி இரும்புக் கம்பெனியில் மத்தியானச் சாப்பாட்டு நேரம். மூன்று கேரியர்கள் நடுவில் விரித்த பேப்பரில் திறந்து கிடந்தன. யார் வீட்டுக் குழம்பானாலும் மூன்று பேருக்கும் பங்கு, அதுதான் அவர்கள் வழக்கம். வம்பு வருவதும் அதனால்தான்.

ஜோசப் சட்டையைத் துடைத்துக்கொண்டான். "உன் ஊட்டுக் கொழம்பு நல்லால்லன்னு எவன் சொன்னான்? புதுவாயல் குணசுந்தரி ஓட்டல்ல மூணு மாசமா ஒரு மீன் கொழம்பு போடறாங்க. அது ஒரு படி மேலன்னேன். லாரிக்காரன் அத்தினி பேரும் அதுக்குத்தான் வண்டிய நிறுத்தறான்."

"ஓட்டல் கொழம்பா! சுடுதண்ணில மொளகாத்தூளைக் கலக்கி ஊத்துவாங்க. அதையும் எம் பொண்டாட்டி கைப்பக்குவத்தையும் ஒண்ணாப் பேசறியே, உனக்கு வாயில இருக்கிறது நாக்கா, செருப்புத் தோலா?"

"இவ்ளோ பெருமை பேசறியே, கேன்டீன்ல சமைக்க உன் சம்சாரத்தைக் கூப்ட்டப்ப இன்னாத்துக்கு வாணாம்னே?" என்று கேட்டார் கோபால். மூவரில் அவர்தான் மூத்தவர்.

"எம் பொண்டாட்டி ஊரானுக்கு ஆக்கிப் போடணுமா? அதெல்லாம் நம்ம ஊட்ல நடக்காதுண்ணே!"

பேச்சு முற்றிப் பந்தயத்தில் முடிந்தது. தாவீது ஜெயித்தால், அவனையும் அவன் மனைவியையும் ஜோசப் ரயிலேற்றி மெட்ராசுக்குக் கூட்டிப்போய், பெரிய ஓட்டலில் வயிறு முட்டப் பிரியாணி வாங்கித் தரவேண்டும். தோற்றாலோ, ஒரு மாசத்துக்குத் தாவீதின் கேரியர் மொத்தமும் ஜோசப்புக்கு. தாவீது எதிரே உட்கார்ந்து வேடிக்கை பார்க்க வேண்டியதுதான்.

அன்று சாயங்காலம் தாவீது வீட்டுக்கு நடந்தா போனான்? சைக்கிளில் பறந்தான்.

"ரோசா! மெட்ராஸ் பிரியாணி நமக்குத்தான்! சனிக்கெழம நீ கொழம்பு வெச்சு எடுத்துகினு வா. புதுவாயல் ஓட்டல்லயே வெச்சு அவன் மூஞ்சில கரியப் பூசிடலாம்!"

ரோசம்மாளின் முகம் வெளுத்துவிட்டது. "ஓட்டலுக்கா? நான் எதுக்குங்க? கொழம்பு வெச்சித் தரேன், நீங்களே எடுத்துகினு போங்க."

"நல்லாருக்குதே! நீ ஜெயிக்கிறத நீயே பாக்க வாணாமா?"

கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் அவளை ஒரு தடவைகூட ஓட்டலுக்குக் கூட்டிப்போனதில்லை. பாவம், கூச்சப்படுகிறாள் என்று நினைத்துக்கொண்டான். அவள் தலைவலி என்றாள், கால் வலி என்றாள். அவன் விடவே இல்லை.

சனிக்கிழமை அந்தி நேரத்தில் ஓட்டல் ஜேஜே என்றிருந்தது. ரோசம்மாள் சமையல்கட்டுக்கு முதுகைக் காட்டி, முந்தானையைத் தலைவரை இழுத்துவிட்டுக்கொண்டு பெஞ்சின் ஓரத்தில் ஒடுங்கி உட்கார்ந்தாள். கோபால் தன் துண்டால் தாவீதின் கண்ணை இறுகக் கட்டினார். ஒரு கிண்ணத்தில் ஓட்டல் குழம்பையும், இன்னொன்றில் ரோசம்மாள் அவசர அவசரமாக வைத்துக் கொண்டுவந்த கேரியர் குழம்பையும் ஊற்றி அவன் முன்னால் வைத்தார். செய்தி பரவி, பக்கத்து மேஜை லாரிக்காரர்கள் இலையை விட்டு எழுந்து வந்து சூழ்ந்துகொண்டார்கள்.

தாவீது முதல் கிண்ணத்தில் விரலை விட்டு நாக்கில் வைத்தான். அப்புறம் ஒரு துண்டு மீன். அவன் முகம் மலர்ந்துவிட்டது.

"இதான்! பழவேற்காட்டு மடவை, பச்ச மாங்கா புளிப்பு, கடைசில நாக்கு நுனில வெந்தயம்... அடடா! இது என் ரோசா வெச்சது!"

"ரெண்டாவதையும் சாப்டுடா," என்றான் ஜோசப்.

சாப்பிட்டான். உதட்டைப் பிதுக்கினான். "இது ஓட்டலுது. தப்பு சொல்லமாட்டேன், ஆனா ஏனோதானோன்னு வெச்சது. மனசு இல்ல இதுல. போதுமா? அவுருங்கண்ணே கட்டை!"

கோபால் துண்டை அவிழ்த்தார். அவர் முகம் சரியில்லை.

"தாவீது... நீ மொதல்ல சாப்ட்டதுதாம்பா ஓட்டல் கொழம்பு."

ஜோசப் பெஞ்சின்மேல் ஏறி ஆடினான். லாரிக்காரர்கள் விசிலடித்தார்கள். தாவீதுக்குக் காது அடைத்துப்போனது. கேரியர் போனது போகட்டும், பிரியாணியும் போகட்டும். ஒன்பது வருஷம் அவள் கையால் தின்றுவிட்டு, எவளோ வைத்த குழம்பை அவளுடையது என்று நாலு பேர் முன்னால் கூவியாயிற்றே! அவள் வைத்ததை ஏனோதானோ என்றும் சொல்லியாயிற்றே! பூமி பிளந்து தன்னை விழுங்கக்கூடாதா என்றிருந்தது அவனுக்கு.

மெல்லத் திரும்பி மனைவியைப் பார்த்தான். ரோசம்மாளுக்கு வேர்த்துக் கொட்டியது.

"மன்னிச்சுக்க ரோசா. இந்தப் பாழாப்போன நாக்கு என்னை ஏமாத்திடுச்சு..."

"அதெல்லாம் ஒண்ணுமில்ல, எழுந்திருங்க. ஊட்டுக்குப் போலாம். இப்பவே!" அவள் அவன் கையைப் பிடித்து இழுத்தாள். எவ்வளவு கோபம் இருந்தால் இப்படி இழுப்பாள் என்று அவனுக்கு அழுகையே வந்துவிட்டது.

அதற்குள் இந்தக் கூச்சல் என்னவென்று பார்க்க, ஓட்டல்காரி குணசுந்தரி சமையல்கட்டிலிருந்து கரண்டியோடு வெளியே வந்தாள். ரோசம்மாளைக் கண்டதும் அவள் முகமெல்லாம் பல்லாயிற்று.

"யக்கா, நல்ல நேரத்துல வந்தே! நீ மத்தியானம் வெச்சிட்டுப் போன கொழம்பு அடிச்சட்டி வரைக்கும் காலி, உள்ள வந்து இன்னொரு சட்டி ஏத்துக்கா!"