ஒத்துப்போகாத எடை

1997 ஆகஸ்ட் மாதத்தில் ஒரு சனிக்கிழமைப் பிற்பகல். நியூ ஜெர்சியின் பழைய பல்கலைக்கழகம் ஒன்றில், தன் வேதியியல் ஆய்வேட்டின் கடைசி எண்ணுக்காகத் திருமூர்த்தி மல்லாடிக்கொண்டிருந்தான். பீங்கான் கிண்ணத்தைச் சுட்டு, ஆறவைத்து, எடை பார்க்க வேண்டும். அடுத்தடுத்த இரண்டு எடைகள் ஒத்துப்போகும்வரை ஆய்வுக்கூடத்தை விட்டு நகர முடியாது. ஒத்துப்போய்விட்டால் ஆறாண்டுப் படிப்பு முடிந்தது. மாலையே மனைவியோடு டெக்சாஸ் வேலைக்குப் புறப்பட்டுவிடலாம்.

பதினோராம் முறையும் ஒத்துப்போகவில்லை. வீட்டுக்குத் தொலைபேசியில் அழைத்தான்.

"வள்ளி, இன்னும் லேட் ஆகும் போலிருக்கு."

கூடப் படிக்கும் மதன்தான் விளையாடுகிறான் என்று எண்ணி வள்ளி சிரித்தாள்.

"மதன் அண்ணா, உங்க மிமிக்ரிய வேற யார்கிட்டயாவது வெச்சுக்குங்க. அவர் வந்து அரை மணி நேரம் ஆச்சு. கார்ல பெட்டியெல்லாம் லோட் பண்ணிட்டிருக்கார்."

"ஏய், நான்தான்டி பேசறேன்!"

அவள் சிரிப்பு நின்றது. காரின் கதவைச் சாத்தும் ஓசை கேட்டது. பிறகு, மூச்சு வாங்கியபடி, அவனுடைய குரலே அவளுக்கருகில் பேசியது.

"லேப்ல இருந்துன்னா கட் பண்ணிடு வள்ளி. பேச்சு குடுத்தா, என்னைத் திரும்பக் கூப்பிட்டுக்குவாங்க."