கழுவிய ஜாடிகள்

முதல் ஜாடியின் மூடியைத் திறந்து மூக்கருகே கொண்டுபோனார் மாமனார்.

அவள் காப்பி டம்ளரோடு நின்றாள்.

மறுபடியும் முகர்ந்தார். ஜாடியைச் சாய்த்து, மூக்கை உள்ளேயே விட்டுப் பார்த்தார்.

ஏசுவே! அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

மொத்தம் ஆறு ஜாடிகள். வெள்ளைப் பீங்கான், தக்கை மூடி. அவருடைய அப்பா ஞானமுத்து தூத்துக்குடியில் மருந்துக்கடை வைத்திருந்த காலத்தவை. கடையை மூடி நாற்பது வருஷம் ஆகிறது. மருந்தெல்லாம் என்றைக்கோ தீர்ந்துவிட்டது. வாசம் மட்டும் போகாமல் உள்ளே ஒட்டிக்கொண்டு கிடந்தது.

கண் மங்க மங்க, அவருக்கு அந்த வாசம்தான் துணை. தினமும் காலையில் வரிசையாகத் திறப்பார். ஓமம். கிராம்பு. பச்சைக்கற்பூரம். ஆறையும் சொல்லி முடித்ததும், "கடையத் தெறந்தாச்சு" என்று சிரிப்பார்.

இன்று காலை திறக்கவில்லை. விடிந்ததுமே அவள் கணவன் அவரைக் கண் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போய்விட்டான்.

வீட்டில் அவள் மட்டும். ஜாடிகளின் மேல் சுவருக்கு வெள்ளையடித்தபோது படிந்த தூசி. பாவம், திரும்பி வரும்போது பளிச்சென்று இருக்கட்டுமே என்றுதான் நினைத்தாள். யார் பார்ப்பதற்கு என்று யோசிக்கவில்லை.

சோப்புத்தூள் போட்டு, வெந்நீர் விட்டு, உள்ளும் புறமும் தேய்த்தாள். தக்கைகளைக்கூட விடவில்லை. மொட்டைமாடி வெயிலில் காயவைத்து எடுத்தாள். புத்தி எங்கே மேயப் போயிருந்ததோ!

மத்தியானம் வந்தார்கள்.

"இனிம பார்வ வராதுன்னுட்டாவ." அடுக்களைக்கு வந்து கிசுகிசுத்துவிட்டு, கணவன் வேலைக்குக் கிளம்பினான்.

மாமனார் சட்டையைக்கூட மாற்றாமல் ஜாடிகளைத்தான் கேட்டார்.

இரண்டாவது. மூன்றாவது.

ஆறாவதையும் முகர்ந்துவிட்டுக் கீழே வைத்தார்.

"மூக்கும் போச்சு தாயி."

சொல்லிவிடலாம். ஒரே ஒரு வரி. நான்தான் மாமா, கழுவித் தொலச்சிட்டேன்.

நாக்கு நுனிவரை வந்தது.

"வயசாவுதுல்லா மாமா" என்றாள்.

சொன்ன வாயில் சூடு போட வேண்டும் போலிருந்தது. டம்ளரை அவர் பக்கத்தில் வைத்துவிட்டு அடுக்களைக்குள் ஓடினாள். உள்ளே வந்ததற்கு ஒரு சாக்கு வேண்டுமே. மிச்சப் பாலை அடுப்பில் ஏற்றினாள்.

அழுகை முட்டிக்கொண்டு வந்தது. முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள். அந்த மனுஷனுக்கு மிஞ்சியிருந்தது அது ஒன்றுதான். அதையும் துடைத்தெடுத்துவிட்டு, பழியை அவர் வயசின் மேல் போட்டாயிற்று. அடிப் பாவி! சிங்க்கைப் பிடித்தபடி அப்படியே நின்றாள்.

"தாயி! பால் அடிபிடிக்கி பாரு!"

கூடத்திலிருந்து அவர் குரல்.

பாய்ந்து போய் அடுப்பை அணைத்தாள். தீய்ந்த வாசம் அவள் மூக்கில் அப்போதுதான் ஏறியது.

எவ்வளவு நேரம்தான் உள்ளேயே நிற்பது? முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

மடியில் ஒரு ஜாடி. அவர் அதன் உள்பக்கத்தை விரலால் தடவிக்கொண்டிருந்தார். விரல் எங்கேயும் நிற்காமல் வழுக்கிக்கொண்டு போனது.

அவள் வந்து நிற்பது அவருக்குத் தெரிந்தது. முகத்தை அவள் பக்கம் திருப்பினார். கோபம் இல்லை. இருந்திருந்தால்கூடத் தேவலை.

"நல்லா பளிச்சின்னு இருக்கா தாயி?"