கவர்னர் கேஜிடம் ஒரு குறை

"அவர் லஞ்சம் வாங்குவாரா?"

"யாரு, டெல்பர்ட் கேஜா? சேச்சே! சொக்கத் தங்கம் மேடம் அவர்!"

சொல்லி முடித்ததும் ஆரின் ஸ்ட்ரவுட்டுக்கே நாக்கு கூசியது. கவர்னர் கேஜைத் திட்டாமல் ஐந்து வருஷமாக ஒரு நாள் கூட காலைக் காப்பி அவருக்கு உள்ளே இறங்கியதில்லை. கட்சி வேறு, கொள்கை வேறு. போதாததற்கு ஒரே கட்டடம். கேஜ் மாடியில், ஸ்ட்ரவுட் நேர் கீழே. அவர் நடந்தால் இவர் தலைக்கு மேல் மரத்தளம் கிறீச்சிடும்.

எதிரே உட்கார்ந்திருந்த வில்மா பிராண்ட் குறித்துக்கொண்டார். வாஷிங்டனிலிருந்து வந்திருக்கும் வக்கீல் அம்மா. கேஜின் கட்சியில் ஜனாதிபதி வேட்பாளர் முடிவாகிவிட்டார். துணை ஜனாதிபதி வேட்பாளர்தான் பாக்கி. பட்டியலில் மூன்று பெயர்கள் மிச்சம். அவர்களுடைய பூர்வோத்தரத்தைக் குடைந்து பார்ப்பது வில்மாவின் வேலை. நண்பர்கள் எப்படியும் நல்லதுதான் சொல்வார்கள் என்பதால், எதிரிகளையும் ஒரு நடை போய்ப் பார்ப்பது வழக்கம்.

ஸ்ட்ரவுட்டுக்கு இப்போது இருந்தது ஒரே ஆசை. கேஜ் எப்படியாவது தேர்வாகி, ஜெயித்து, வாஷிங்டனுக்கு மூட்டை கட்ட வேண்டும். அதற்காக எவ்வளவு பெரிய பொய்யையும் சொல்ல அவர் தயார்.

"ஆத்துப் பாலம் கான்ட்ராக்டை மச்சானுக்குக் குடுத்தாராமே?"

"டெண்டர்ல குறைச்சுக் கேட்டது மச்சான்தான் மேடம். மச்சானா இருக்கறது ஒரு குத்தமா?"

அந்தப் பாலத்தைப் பற்றி அவரே பன்னிரண்டு கூட்டங்களில் தொண்டை கிழியக் கத்தியிருக்கிறார். ஆதாரமெல்லாம் கீழ் இழுப்பறையில் கனமாக இருந்தது. கொஞ்சம் திறந்திருந்த இழுப்பறையை ஷூவின் நுனியால் மெதுவாக உள்ளே தள்ளினார்.

"குடி?"

"எலுமிச்சம்பழச் சாறுக்கு மேல தொட மாட்டார்."

"கோபம்?"

"பச்சைக் குழந்தை!"

வில்மா மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "போன வருஷம் மாநிலக் கண்காட்சியில, முதல் பரிசு வாங்கின பன்னிக்குக் குத்த வேண்டிய ரிப்பனை உங்க கோட்டுல குத்திட்டாராமே?"

ஸ்ட்ரவுட்டின் காது மடல் சிவந்தது. அந்தப் படம் எல்லாப் பத்திரிகையிலும் முதல் பக்கத்தில் வந்தது. ஒரு மாசம் வரைக்கும் சர்ச்சுக்குப் போனால் பார்க்கிறவனெல்லாம், "என்ன ஆரின், எடை என்ன இருப்பே?" என்று கேட்டுச் சிரித்தான்.

"அது சும்மா தமாஷ் மேடம்," என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு. "நல்லா சிரிக்கச் சிரிக்கப் பேசுவார். நாட்டுக்கு இப்போ அதானே வேணும்?"

"அவர் வந்தா உங்க கட்சி தோத்துடுமே?"

"கட்சி கிடக்குது மேடம். நாடு பெருசில்லையா?"

இதைச் சொல்லும்போது அவருக்கே லேசாகக் கண் கலங்கிவிட்டது.

வில்மா குறிப்பேட்டை மூடினார். "முப்பது வருஷமா இந்த வேலை பாக்கறேன். ஒரு எதிரி இப்படிப் புகழ்ந்து கேட்டதே இல்லை."

"அப்போ அவர்தானா?" ஸ்ட்ரவுட் பாதி எழுந்தே விட்டார்.

"உங்க வீட்டம்மா சௌக்கியமா?"

"சௌ... சௌக்கியம். ஏன் மேடம்?"

"போன வாரம் கவர்னர் மாளிகையைச் சுத்திப் பாக்க வந்த கூட்டத்துல, ஒரு அம்மா டேப் வெச்சு வரவேற்பறை ஜன்னலை எல்லாம் அளந்தாங்களாம். காவலாளி சொன்னான்."

மேஜை மேல் மனைவி எழுதிக் கொடுத்த துணிக்கடைச் சீட்டு கிடந்தது: 'ஜன்னல் திரை, ஏழடி உயரம், எட்டு ஜோடி, நீலம்.' ஸ்ட்ரவுட்டின் கை தானாகப் போய் அதை மூடியது. வில்மா பார்க்காதது போல் பையைத் தோளில் மாட்டிக்கொண்டார்.

"மூணு பேர்ல கேஜைத்தான் எங்களுக்கு ரொம்பப் பிடிச்சிருந்தது. ஒரே ஒரு சந்தேகம்தான் பாக்கி. நீங்க பதவியை விட்டுட்டு, பண்ணையில தேனீ வளக்கப் போறதா ஒரு பேச்சு. அது நிஜமான்னு பாக்கத்தான் வந்தேன். அவரை நாலு திட்டு திட்டியிருந்தீங்கன்னா, உங்களுக்கு எந்த ஆசையும் இல்லைன்னு நிம்மதியாப் போயிருப்பேன்."

"அவர் தேர்வாகறதுக்கும் நான் தேனீ வளக்கறதுக்கும் என்ன மேடம் சம்பந்தம்?"

தலைக்கு மேல் மரத்தளம் கிறீச்சிட்டது. இருவரும் ஒரு கணம் அண்ணாந்து பார்த்தார்கள்.

வில்மா கதவைத் திறந்து, வெளிப்பக்கம் ஸ்ட்ரவுட்டின் பெயருக்குக் கீழே பொன்னெழுத்தில் இருந்த 'துணை கவர்னர்' என்பதை விரலால் தட்டினார்.

"துணை கவர்னருக்கு இங்க தனித் தேர்தல், அதான் நீங்க வேற கட்சி. அவர் கிளம்பினா, மிச்சம் ரெண்டு வருஷத்துக்கு கவர்னர் நாற்காலி சட்டப்படி உங்களுக்கு. எங்க கட்சி ஆளற மாநிலத்தைத் தூக்கி உங்க கட்சி கையில குடுக்கவா? அலசி அலசிப் பாத்துட்டோம், மிஸ்டர் ஸ்ட்ரவுட். கேஜ்கிட்ட இருக்கற ஒரே குறை நீங்கதான்."