அம்மா சாப்பிடக் கூப்பிடுறா

கொழும்பு வெள்ளவத்தை பிளாட்டில் ஹரிசன் தனியாக இருந்தான். சின்ன வயதில் அதே ஹோலில் துவாரகனோடு விளையாடிய கார் கேம் இப்போது புதிதாகச் செய்யப்பட்டு வந்திருந்தது. துவாரகன் லண்டனில். ஞாயிறு மத்தியானம் இருவரும் ஹெட்செட் மாட்டிக்கொண்டு இணையத்தில் விளையாடினார்கள். பாதைகள் பழையவைதான், மரங்களுக்கு மட்டும் இப்போது நிழல் இருந்தது.

"மச்சான், அம்மா சாப்பிடக் கூப்பிடுறா. போய்ச் சாப்பிட்டிட்டு வா, நான் நிக்கிறன்," என்றான் துவாரகன்.

அந்த நாட்களில் அம்மா கூப்பிடுவது கேட்டால் துவாரகன் வழக்கமாகச் சொல்வதுதான். சொன்ன பிறகுதான் அவனுக்கே உறைத்தது. ஹரிசனின் அம்மா மாசியில் இறந்துபோயிருந்தார்.

இரண்டு கார்களும் நடுப்பாதையில் நின்றன.

ஹரிசன் ஹெட்செட்டைக் கழற்றினான். கடற்கரை ரயிலின் சத்தம் மட்டும் வந்தது. திரும்ப மாட்டினான்.

"எனக்கு ஒண்டும் கேக்கேல்லையடா."

"உன்ர மைக்காலதான் வருது," என்றான் துவாரகன். "நிப்பாட்டுவமோ?"

"வேண்டாம். என்ன சொல்லுறா?"

"பொரிச்ச முட்டை ஆறிப்போகுதாம்."

ஹரிசன் எழுந்து, அம்மா சமைத்த குசினியை நோக்கி நடந்தான். வாசலுக்கு முன்னமே ஹெட்செட்டின் வயர் முடிந்துவிட்டது. அங்கேயே நின்று, மைக்கை உள்பக்கம் திருப்பிப் பிடித்தான்.

"இப்ப கிட்டக் கேக்குதோ?"