போட்டிக்கு வந்த குடுவை

வத்தல் மண்டி தனுஷ்கோடிக்குத் தொழிலில் போட்டிக்காரர்கள் ஏராளம். வீட்டுக்குள் போட்டிக்கு வந்தது ஒரு கண்ணாடிக் குடுவை. உயிர்வேதியியல் முதுகலை படிக்கும் மனைவி வடிவு, உடன் படிக்கும் ரூபனின் தோல் செல்லை வாங்கி, மூளைத் துணுக்காக அதில் வளர்த்துவந்தாள். நரம்பு கிளர்ந்தால் ஒளிரும் சாயமும் ஏற்றியிருந்தாள். ஞாயிற்றுக்கிழமைகூட அதற்கு ஊட்டம் மாற்ற ஓடினாள்.

“என் குரல் கேட்டாலே மின்னுதுங்க!”

“நம்ம செல்லையும் வளர்த்துப் பாரு. எவன் சரக்கு ஒசத்தின்னு தெரியட்டும்.”

வளர்த்தாள். அது முற்றியதும் ஆய்வகத்துக்கே போய் நின்றான் தனுஷ்கோடி. வடிவு கொஞ்சினாள், பாடக்கூடச் செய்தாள். அவன் குடுவை மின்னவேயில்லை.

“தூங்குது போல,” என்று சமாளித்தான்.

“பசிக்குதா கண்ணு?” என்றபடி ரூபனின் குடுவையைக் கையிலெடுத்தாள் வடிவு.

தனுஷ்கோடியின் குடுவை குபீரென்று மத்தாப்பாய் எரிந்தது.

வடிவு திரும்பிப் பார்த்தாள். “சந்தேகமே இல்லீங்க. இது உங்க செல்லுதான்.”