ஆளுக்கு இரண்டு நிமிடம்

ஐரீன் தன் அப்பாவின் முடிதிருத்தும் கடையில் வளர்ந்தவள். நாற்காலியில் வந்து உட்காருகிற ஒவ்வொருவர் கதையையும் காதுகொடுத்துக் கேட்கும் குணம் அங்கே வந்ததுதான். அதை வைத்தே அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலச் சட்டசபைக்குப் போனாள். இப்போது செனட் தேர்தலில் நிற்கிறாள்.

அவள் கணவன் வால்டருக்கு அவளிடம் பேசுகிற எல்லார் மேலும் பொறாமை. தன்னைப் பரிசோதித்த டாக்டர் சொன்ன சேதியை அவளிடம் சொல்ல அந்த வாரம் மூன்று முறை வாயெடுத்தான். மூன்று முறையும், “நாளைக்குப் பேசலாமே” என்று கைபேசியோடு எழுந்து போனாள்.

சனிக்கிழமை ஊர் நூலகத்தில் மக்களைச் சந்தித்தாள். ஆளுக்கு இரண்டு நிமிடம். ஒரு கிழவரின் கையைப் பொத்திப் பிடித்துக்கொண்டு, செத்துப்போன அவருடைய நாயைப் பெயர் சொல்லி விசாரித்தாள். அவள் கண்கூடக் கலங்கியது. சுவரோரம் நின்றிருந்த வால்டருக்கு அது பொறுக்கவில்லை. விறுவிறுவென்று போய் வரிசையின் கடைசியில் நின்றுகொண்டான்.

முக்கால் மணி நேரத்தில் அவன் முறை வந்தது; அதற்குள் அவனுக்குப் பின்னாலும் ஆட்கள் சேர்ந்திருந்தார்கள். நிமிர்ந்து பார்ப்பதற்கு முன்பே ஐரீன் அவன் கையைப் பற்றிவிட்டாள்.

“வாங்க, சொல்லுங்க. உங்களுக்கு என்ன குறை?”

பிறகுதான் முகத்தைப் பார்த்தாள். “நீயா? என்ன விளையாட்டு இது? பின்னால ஆளுங்க நிக்கிறாங்க, வால்டர்.”

“நானும் வரிசையிலதானே வந்தேன்?”

அவள் கையை விடவில்லை. நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, “சரி, சொல்லு” என்றாள்.

எங்கிருந்து ஆரம்பிப்பது என்று வால்டருக்குத் தெரியவில்லை. முதல் நிமிடம் அப்படியே போனது.